கோடு போட்ட இழை

ரீகாவில், ஒன்பதாவது மாடியில்,
அறுபது யூரோவுக்கு ஒரு ஸ்டீரியோ.
ஆம்ப்ளிஃபையருக்கு நாற்பது,
புத்தகங்களுக்கிடையே செருகிவிடக்கூடிய
இரண்டு ஸ்பீக்கருக்கு இருபது.
ஒயர் இனாம். விற்றவன் அதை
முழங்கையில் சுற்றிக் கயிறுபோல் நீட்டினான்.

இரண்டு இழையும் ஒரே சாம்பல் நிறம்.
ஒன்றில் மட்டும்
நகத்தால் தடவினால் அகப்படுகிற ஒரு கோடு.
நான் தடவவில்லை.
டிராலிபஸ் ஓட்டுகிறவள்.
தலைக்கு மேல் நாள் முழுக்க இரண்டு கம்பி,
மின்சாரம் வர ஒன்று, திரும்பிப் போக ஒன்று.
இருந்தும் தோன்றவில்லை.
அழுத்தினால் வாய் திறக்கும் கவ்விகளில்
வாய்க்கு ஒன்றாகத் திணித்தேன்.

ஒரு பெண் பாடினாள்.
அவள் எங்கேயும் நிற்கவில்லை.
சுவரில் இருந்தாள், திரைச்சீலையில் இருந்தாள்,
என் பிடரிக்குப் பின்னால் இருந்தாள்.
அறுபது யூரோவுக்கு ஒரு மண்டபமே வந்திருக்கிறதென்று
தங்கை வெல்தாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

இல்மார்ஸ் மீன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான்.
அவனுக்கு இடது காது இருக்கிறது, கேட்காது.
ஏழு வயதில் வந்த காய்ச்சல்.
ஸ்டீரியோ என்றால் அவனுக்கு
ஒரு பெட்டி அதிகம், அவ்வளவுதான்.
"இதற்கு வயிறே இல்லையே" என்றான்.
வயிறா?
"கீழே தொம்மென்று விழவேண்டியது விழவில்லை.
ஒரு பெட்டி தள்ளுகிறது, மற்றது இழுக்கிறது.
ஒன்றை ஒன்று தின்கின்றன."

ஒற்றைக் காதுக்காரனுக்கு என்ன தெரியும் என்று
வாய் தவறி
இல்லை, தவறவில்லை,
சொன்னேன்.

அவன் பதில் பேசவில்லை.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
அலமாரிக்குப் பின்னால் மண்டியிட்டான்.
எண்ணெய் விரல். நகம். கோடு.
இடப்பக்கப் பெட்டியில் மட்டும்
இரண்டு இழைகளையும் இடம் மாற்றினான்.

ஜன்னல் திண்டில் கரண்டி நடுங்கியது.
கீழ்வீட்டு திருமதி ஸ்குயா
வெந்நீர்க் குழாயில் மூன்று தட்டு தட்டினாள்.
அதுவரை தட்டியதில்லை.

பாடுகிறவள் வந்து நின்றாள்.
இரண்டு பெட்டிக்கும் நடுவே, ஹீட்டருக்கு மேலே,
ஏறக்குறைய என் உயரம்.
அடுத்த வரிக்கு முன் மூச்சு இழுத்தாள், அது கேட்டது.
பெட்டிகள் இரண்டும் மரமாகிவிட்டன.

"இப்போது எங்கே நிற்கிறாள்?" என்றான்.

காட்டினேன்.
அவனுக்கு அங்கே யாருமில்லை.
என் விரல் போன இடத்தை
வெகுநேரம் பார்த்தான்.
பிறகு எழுந்து
தன் நாற்காலியை ஒரு சாண் நகர்த்திப் போட்டான்,
வந்தவளை மறைக்கக் கூடாதென்பதுபோல்.

மன்னிப்பு நான் கேட்கவில்லை.
ஒயரில் மீன் வாடை
இன்னும் போகவில்லை.