எண்ணெய் வேறயா

சனிக்கிழமை ராத்திரி, பிரேசர் டவுன்.
தெரு முழுக்கக் கரியும் கொழுப்பும் புகையும்.
வாசல் பலகையைக் குனிந்து படிக்கிறான் நிருபன்:
காளான், பரோட்டா, தயிர்சாதம்,
எப்போதும் தீர்ந்துபோயிருக்கும் கோபி.

"எண்ணெய் வேறயா?"
"பேரே சார், பேரே."
நம் வகரம் இங்கே பகரம்.
அந்தத் தலையாட்டலில் மெய் எதுவென்று
அதற்குமேல் நாங்கள் இலக்கணம் பார்ப்பதில்லை.

மூளை வறுவல் அவன் முன்னால் வந்து உட்காரும்,
தயிர்சாதம் என் முன்னால்.
மீசைக்கு ஆடு, வளையலுக்குத் தயிர்.
பேச்சு நிற்காமல் தட்டுகள் இடம் மாறும்.
நல்லி எலும்பைத் தட்டி நான் உறிஞ்சுகையில்
மெட்ரோ வேலை எப்போது முடியுமோ என்று
என் நெற்றிக்கு மேலே பார்த்துப் பேசுவான்.

போன வாரம் மல்லேஸ்வரம், அவன் முறை.
நின்றுகொண்டே வெண்ணெய் தோசை.
"இதுமேல ஒரு முட்டையை உடைச்சு ஊத்தினா..."
பக்கத்து மேஜை திரும்பி முறைத்தது.
அவனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

வீட்டிலேயே சமைத்துத் தின்னலாம்தான்.
"வெஜ் மட்டும்தானே?"
சாவியைக் கொடுக்காமல் கேட்டார் வீட்டுக்காரர்.
ஆமாம் என்றான் நிருபன்.
பாதி வீட்டுக்கு அது உண்மை.

பதினோரு மணி. மாடிப்படி விளக்கு எரிகிறது.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.
மிச்சமான நாலு துண்டு கபாப்
அவன் லேப்டாப் பையில், சார்ஜருக்குப் பக்கத்தில்.
மோப்பம் பிடிப்பதென்றால் என் பையைத்தான் பிடிப்பார்.
"சாப்டாச்சா சார்?" என்கிறான்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.