ஆள் வராத நாற்காலி

காலை ஆறுக்கு முதல் லாரி.
இஸ்கப்பள்ளி உப்பு, தார்ப்பாய் கட்டியது.
எடைமேடையில் ஏறியதும் சிவப்பு எண்கள்
கொஞ்சம் தடுமாறி நிற்கும்.
சீட்டைக் கிழித்து நீட்டுவேன்.
பதினோரு வருஷமாக இதே ஜன்னல்,
ஆரம்பாக்கத்துக்கு வடக்கே, தமிழ் போர்டு முடிந்து
தெலுங்கு போர்டு தொடங்கும் இடத்தில்.

மதியம் நானும் வெங்கடரத்தினமும் ஒரே டப்பா.
பழவேற்காட்டுக் கருவாடு. அவன் வீட்டு மாகாய ஊறுகாய்.
அவனுக்கு நூற்றிருபதுக்கு எண்பது.
எனக்கு நூற்றெழுபத்தெட்டுக்கு நூற்றுப்பத்து.
"நீங்க எதையாவது யோசிச்சிட்டே இருக்கீங்க அக்கா, அதான்."
நான் யோசித்ததெல்லாம்
அடுத்த லாரிக்குச் சில்லறை இருக்கிறதா என்று.

சூளூர்ப்பேட்டை டாக்டர் ஹைமாவதி
என் பையிலிருந்த பழைய எடைச்சீட்டின் முதுகில் வரைந்தார்:
ஒரு குழாய். அதன் சுவரில் ஒரு செல்.
செல்லுக்குள், எதற்கோ, ஒரு நாற்காலி.

ஆல்டோஸ்டீரோன் என்று ஒரு ஹார்மோன்.
சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் இருக்கும் சுரப்பி அனுப்புவது.
அது வந்து நாற்காலியில் உட்கார்ந்தால்
வெளியே போகவிருந்த உப்பு
ரத்தத்துக்கே திரும்பிவிடும்.
பின்னாலேயே தண்ணீர்,
டிரைவர் போகும் கடைக்கெல்லாம் கிளீனர் போவதுபோல.

"உப்பு அதிகமானா அந்த ஹார்மோன் குறையணும்.
உங்களுக்குக் குறைஞ்சுதான் இருக்கு."

அப்புறம் என்ன?

"சில பேருக்கு உப்பே அந்த ஏற்பியை எழுப்பி விட்டுடும்.
ஆள் வராமலே நாற்காலி வேலை பார்க்கும்.
உங்களுக்கும் அப்படித்தானோன்னு சந்தேகம்."

சிரித்துவிட்டேன். அவருக்குப் புரியவில்லை.
வரிச் சாவடியை மூடி அதிகாரிகள் போனபின்னும்
இரண்டு மாசம் அந்தக் கட்டையை
ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார் முனிரத்தினம்.
யார் சொல்லி என்று கேட்டால்
"லாரி வருதே" என்பார்.

லாரி வருதே.

ஒரு மாத்திரை எழுதினார். அது போய்
அந்த நாற்காலியில் சும்மா உட்காருமாம்.
வேலை செய்யாது, இடத்தையும் விடாது.
(எங்கள் ஆபீசில் அப்படி இருவர் உண்டு.)
பொட்டாசியம் ஏறலாம், இளநீரைக் கேட்காமல் குடிக்காதீர்கள்,
பதினைந்து நாளில் ரத்தம் பார்க்கணும்.
கருவாட்டைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தபோது
நான் காற்றாடியைப் பார்த்தேன்.

வெங்கடரத்தினம் இப்போது வெளியே,
வேப்பமரத்தடியில் போய்ச் சாப்பிடுகிறான்.
நான் போகச் சொல்லவில்லை.
காற்று தெற்கே அடித்தால்
வாசனை மட்டும் என் ஜன்னலுக்கு வந்துவிடும்.

நேற்று இரவு மேடை காலியாக இருந்தது.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நடுவில் நின்றேன்.
"எவ்வளவு?"
"அறுபது" என்றான் உள்ளிருந்து.
இருபது இருபதாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
எனக்குள் தங்கிப்போன தண்ணீர் ஒரு கிலோவோ இரண்டோ,
போனாலும் அறுபது, இருந்தாலும் அறுபது.

"இறங்குங்க அக்கா, வண்டி வருது."
தடா பக்கமிருந்து இரண்டு விளக்குகள்.
உப்பா என்று கேட்க நினைத்தேன்.
கேட்காமல் இறங்கி
வழிவிட்டேன்.