காரணம்: மற்றவை

குரோதி வருடம், ஆவணி, செவ்வாய்க்கிழமை.
புதுவயல் ரைஸ்மில் பின்புறம் பத்தரை மணி சென்டர்.
உமிச்சாம்பல் கணுக்கால்வரை ஏறும் இடம்.
பதினொரு பெண்கள் வந்தாயிற்று.
பன்னிரண்டாவது வள்ளிக்கண்ணு
வந்தும் வராதவளாய்
தகரக் கொட்டகைக் காலுக்குப் பின்னால் நின்றாள்.

எண்ணூற்று நாற்பது. இரண்டு வாரப் பாக்கி.
ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும்.
அதுவரை யாரும் எழுந்து போகக் கூடாது.
நான் அதட்டியதே இல்லை.
டேபைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்,
மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.
பார்த்துக்கொண்டார்கள்.
"பூ வைக்க மட்டும் காசிருக்கோ" என்றாள் உமையாள்.
"ராத்திரி வந்துட்டுப் போற ஆளுகிட்டக் கேக்கச் சொல்லு"
என்றாள் இன்னொருத்தி.
ரங்கூனுக்கே கடன் கொடுத்த சீமை இது,
சாமி உண்டியலுக்கும் பேரேடு உண்டு.

அப்போதுதான் அந்த லாரி.
பள்ளத்தூரில் பிரித்த வீட்டின் தேக்குத் தூண்கள் பதினாறு,
பெங்களூரில் யாரோ கட்டும் ஹோட்டலுக்கு.
பின்சக்கரம் பஞ்சர்.
டிரைவர் ஜாக்கியோடு மல்லுக்கட்ட,
தூண் பிரித்த தச்சன் இறங்கி வந்தான்.
முப்பதை ஒட்டிய வயது. முழங்கையெல்லாம் மரத்தூள்.
வடக்கத்திக்காரன் என்று நினைத்தேன், தமிழ் பேசினான்.
நம்ம பக்கம் என்று நினைத்தேன்,
ஏதோ ஓர் எழுத்தைத் தொண்டைக்குள்ளிருந்து எடுத்தான்.
குடிக்கத் தண்ணீர் கேட்டான்.
பதினொரு பேர் உட்கார்ந்திருக்க
நின்றவளிடம்.

குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.
"எவ்வளவு?"
சொன்னேன்.
"விட்டுடேன்."
பீடிக்குத் தீப்பெட்டி கேட்பதுபோல் கேட்டான்.
"விட நான் யாருய்யா, கம்பெனிப் பணம்."

அவன் பதில் சொல்லவில்லை.
குந்தி உட்கார்ந்து
சாம்பலில் விரலால் எழுதத் தொடங்கினான்.

எல்லாரும் பார்த்தார்கள்.
எல்லாரும் ஒன்றையே பார்த்ததாகத் தெரியவில்லை.
முதலில் மூக்காயி, கூட்டத்தில் மூத்தவள்,
வெற்றிலையைத் துப்பிவிட்டு
யாரிடமும் சொல்லாமல் நடந்தாள்.
பிறகு ஒருத்தி. பிறகு அக்கா தங்கை இரண்டு பேரும்.
உமையாள் போகும்போது
தலையிலிருந்த பூவை ஒருமுறை தொட்டுக்கொண்டாள்.

நான் எட்டிப் பார்த்தேன்.
எனக்குத் தெரிந்தது ஓர் எண்.
மூவாயிரத்து இருநூறு.
கண்டனூர் ராக்கு செத்தபோது வந்த இன்சூரன்ஸில்
ஆபீஸ் செலவு என்று நான் ஒடித்துக்கொண்டது.
அவள் புருஷன் கைநாட்டு.
நான் நீட்டியதை இரண்டு கையாலும் வாங்கி
கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

மில் சங்கு ஊதியது. காற்று வந்தது.
சாம்பல் சமமாயிற்று.

சக்கரம் மாட்டியாயிற்று.
ஏறப்போனவன் திரும்பி, "வர்றியா?" என்றான்.
லிஃப்ட் கொடுக்கிறான் என்று நினைத்து
"வண்டி இருக்கு" என்றேன்.
சிரித்தான்.
அந்தச் சிரிப்பில் கேலி இல்லை,
அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

மானேஜர் போன்.
"ஒரே இடத்துல முக்கா மணி நேரமாக் காட்டுது,
செத்துட்டியா காளைராசா?"
இல்லை சார் என்று சொல்லக்
கொஞ்ச நேரம் ஆனது.

டேப் கேட்டது: வசூலாகாத காரணம்.
வீடு பூட்டு. நோய். இறப்பு. தலைமறைவு.
தள்ளிக்கொண்டே போனேன்.
கடைசியில் இருந்தது, மற்றவை.
அழுத்தினேன்.
விவரிக்கவும் என்று வந்தது.

வள்ளிக்கண்ணு காலிச் செம்போடு
இன்னும் அங்கேயே நின்றாள்.
"நான் போலாமா சார்?"
அதற்கும் என்னிடம் விவரம் இல்லை.

கண்டனூர் இரண்டு மைல்கூட இல்லை.
ஏடிஎம் வழியில்தான்.
லாரியும் அந்தப் பக்கம்தான் போயிருந்தது.
அதற்காகப் போகவில்லை என்று
எனக்கு நானே இரண்டு தரம் சொல்லிக்கொண்டு
வண்டியை உதைத்தேன்.