மூன்று நீர்

முதலில் உச்சரிப்பு.
மியாவ். பூனை அல்ல.
பூனையின் குரல் மதில்மேல் நடப்பதுபோல்
ஏறாமல் இறங்காமல் நீளும்.
இவள் பெயர் மூன்றாம் தொனி:
குரல் கீழே இறங்க வேண்டும்,
அடியைத் தொட வேண்டும்,
பிறகு கனத்தோடு மேலே வர வேண்டும்,
கிணற்றில் வாளி போய்வருவதுபோல.

குடும்பப் பெயர் முன்னால் வரும்: பெய்.
சீனத்தில் அதற்கும் மழைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.
தமிழில் எழுதும் கைதான்
சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

ஊர் மின்ச்சின்.
இருபுறமும் பாலைவனம் தோளால் இடிக்கும் இடம்.
அவள் பிறந்த வருடம்
பெயருக்குக்கூட மழை இல்லை.

பிறந்த நாழிகையை எட்டு எழுத்தாக விரித்தான்
சந்தையில் குறி பார்ப்பவன்.
தீ இருக்கிறது. மண் தாராளம்.
பொன் கொஞ்சம், மரம் ஒரு சுள்ளி.
நீர்?
புரட்டினான். இல்லை.
ஊருக்கே இல்லாதது இவளுக்கு எங்கிருந்து வரும் என்று
அவன் கேட்கவில்லை, காசு வாங்கியிருந்தான்.
"பெயரில் ஒரு நீர் சேர்த்துக்கொள்."

பெய் ஷோவ்தியன்,
'வயலைக் காப்பவன்' என்று
தன் பெயரிலேயே வேலை எழுதப்பட்டவர்,
ஒன்று எப்படிப் போதும் என்றார்.
மேலே ஒரு நீர், கீழே இரண்டு:
அப்படியோர் எழுத்து முன்பே இருந்தது.
மறுகரை தெரியாத தண்ணீர் என்று பொருள்.
அந்த ஊரில் யாரும் அதைப் பார்த்ததில்லை.
மறுகரை தெரியாத மணல், தினமும்.

பள்ளியில் அது தண்டனை.
குடும்பப் பெயரோடு இருபத்தாறு கோடுகள்.
பக்கத்து இருக்கையில் திங் யீ,
பெயர் முழுதும் மூன்றே இழுப்பு.
நூறு முறை பெயர் எழுதச் சொன்ன மதியம்
அவன் பந்தோடு வெளியே ஓடினான்.
அவள் இருபத்திரண்டாவதில் இருந்தாள்,
அறுபத்தாறு நீர் முடித்து.

மூன்று பொன் வைத்த பெயர்க்காரர்
தெருமுனையில் கடை வைத்திருந்தார்,
கடன்காரர்கள் தவறாமல் வந்தார்கள்.
மூன்று தீ உள்ளவனுக்கு
அடுப்பு மூட்டத் தெரியாது.
பெயர் என்பது இருப்பதைச் சொல்வதில்லை அங்கே,
இல்லாததற்கு எழுதிய விண்ணப்பம்.

இப்போது அவளுக்கு நீர்வளத் துறையில் வேலை.
கிணற்று வாயில் குனிந்து நாடாவை இறக்குகிறாள்.
இருபத்தொன்பது மீட்டர். இன்னொன்றில் முப்பத்திரண்டு.
அடியில் ஈயக்குண்டு நீரைத் தொடும் ஒலிக்கு
மூச்சை நிறுத்திக் காத்திருக்கிறாள்.
சில கிணறுகளில் மூச்சுதான் திரும்பி வருகிறது.

மூட வேண்டியவை என்று பட்டியல் வந்தது.
பதினேழாவது, ஷோவ்தியனுடையது.

லாரியில் கான்கிரீட் மூடி.
படிவத்தில் அதிகாரி ஒப்பம்.
அவள் கையெழுத்தில் மூன்று நீரும்
எப்போதும் மூன்று சுழிகள்தான், அவசரத்தில்.
அவர் தொப்பியைக் கழற்றாமல் சொன்னார்:
"கிறுக்காதே. முழுசா எழுது."

எழுதினாள்.
பன்னிரண்டு கோடுகளும், ஒவ்வொன்றாக.
காகிதம் பறக்காமல்
மூலையில் அவர் விரல் வைத்திருந்தார்.

பிறகு அவர் சொட்டுக் குழாயில் சோம்பு பயிரிட்டார்.
கிணற்று மூடியின்மேல் தர்பூசணி விதை காய்ந்தது.
மாலையில் வாசலில் நின்று அவளைக் கூப்பிடுவார்.
மணற்காற்று அந்தத் தொனியைத் தேய்த்துத்
தட்டையாக்கிவிடும்,
முதலில் வருவது பூனை.

கொஞ்சம் கழித்து அவள்,
காலணியில் மணலோடு, நோட்டில் எண்ணோடு.
"போன வருஷத்தைவிட நாலு விரல் மேலே."
அவர் நூடுல்ஸ் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார்.
"உன் நாடாவை மாத்தச் சொல்லு," என்றார்,
"ரொம்பப் பழசு."