பானைக்குப் போர்வை

மொச்சையை நான் வேகவைப்பதில்லை.
அதுவாக வேகிறது.
நான் அந்த நேரம் ரயில்வே கேட்டில் இருப்பேன்,
பச்சை விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி.

யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு கோபம்தான்.
கடலூர் துறைமுகத்தில் ஐந்தாம் நம்பர் கூண்டு ஏற்றிய அன்று
காலையில் ஊறப்போட்டிருந்த மொச்சை
ராத்திரிக்குள் இரண்டு மடங்காகி, சுருக்கம் விட்டு,
பானையில் தளதளவென்று கொதி வந்து
பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.
அடுப்பில் நீலம், பிறகு மஞ்சள்,
பிறகு ஒன்றுமில்லை.
சிலிண்டரைச் சாய்த்தேன். உருட்டினேன்.
மனுஷனைத் திட்டுவதுபோலத் திட்டினேன்.
புயலுக்கு முதல் நாள்
எந்த ஏஜென்சிக்காரன் போனை எடுப்பான்?

பத்து மணிக்கு டூட்டி.
மூடியை அழுத்தி,
ஜமுக்காளத்தில் ஒரு சுற்று, கம்பளியில் ஒரு சுற்று,
கட்டில் மூலையில் இரண்டு தலையணைக்கு நடுவே
காய்ச்சல்காரப் பிள்ளையைப்போல இருத்திவிட்டு
"கெட்டுப்போனா போ, எனக்கென்ன"
என்று கதவைப் பூட்டினேன்.

அன்றிரவு கெடிலத்துப் பக்கமிருந்து காற்று
தண்டவாளத்தின் மேல் புரண்டு புரண்டு வந்தது.
உழவன் எக்ஸ்பிரஸ் ஒரு மணி நேரம் தாமதம்.
கூட்ஸ் ஒன்றை எங்கேயோ நிறுத்திவிட்டார்கள்.
கேபின் போன் விழித்திருந்தது, நானும்.
மொச்சையைச் சுத்தமாக மறந்துபோனேன்.

விடிந்து வந்து,
ஈரச் செருப்பைக்கூடக் கழற்றாமல்
கம்பளியைப் பிரித்தால்
பானை இன்னும் சுடுகிறது.
ஒன்றை எடுத்து விரலிடுக்கில் நசுக்கினேன்.
வெண்ணெய்.
குக்கரில் பாதி கரைந்து தோலும் சதையும் பிரிந்து கிடக்கும்;
இது முழுசு முழுசாக,
தூங்கி எழுந்த முகத்தோடு.

ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டுமாம்.
நான் எதற்கும் பொறுக்கவில்லை.
வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

"உன் பருப்பு இங்க வேகாதும்மா"
வேலைக்குச் சேர்ந்த அன்று சொன்ன மேஸ்திரி ஏகாம்பரத்துக்கு
ஒரு கிண்ணம் கொடுக்க ஆசை.
மாற்றலாகி விருத்தாசலம் போய்விட்டார்.

குக்கர் பரண் ஏறியது.
மாடி வீட்டு மெஹருன்னிசா பத்து நாள் பார்த்தாள்.
பதினோராம் நாள் படியிறங்கி வந்தாள்,
கையில் மூடின தட்டு.
"ஒரு விசில்கூடக் கேக்கலியேக்கா.
அடுப்பே பத்த வைக்கிறதில்லியா?
உடம்புக்கு எதுவும்..."

இத்தனை வருஷம்
என் வீட்டு விசிலை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.
நானே ஒழுங்காக எண்ணியதில்லை.

தட்டில் தேங்காய்ப்பால் சோறு.
வெறுந்தட்டைத் திருப்பித் தர மனசு வராது.
மறுநாள் கத்தரிக்காயை நாலாக வகிர்ந்து,
நெத்திலிக் கருவாட்டை வெந்நீரில் அலசி,
புளி கொஞ்சம் தூக்கலாக
மொச்சைக் குழம்பு வைத்துக் கொண்டுபோனேன்.
வாயில் போட்டவள் கண்ணை மூடித் திறந்தாள்.
"எவ்வளவு நேரம் வேகணும்?"

மணிக்கணக்கு எனக்குத் தெரியவில்லை.
"ரெண்டு எக்ஸ்பிரஸ், ஒரு கூட்ஸ்.
நடுவுல பிரிச்சுப் பார்க்காதே, சூடு போயிடும்."

சிரித்தாள்.
ரயில் இல்லாத வீட்டுக்கு என்ன கணக்கு என்றாள்.
இரவுத் தொழுகை முடிச்சு மூடு,
விடியத் தொழுதுட்டுத் திற என்றேன்.

அவளிடம் கம்பளி இல்லை.
பெண்ணின் பழைய ஸ்வெட்டரை வைத்துச் சுற்றுகிறாளாம்,
பானைக்குக் கை முளைத்த மாதிரி இருக்கிறதாம்.

இப்போது மேலேயும் விசில் இல்லை.
ஒரு வாரமாகிறது.
சாப்பிடுகிறாளா என்று
ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.