ஒருகால்

நவம்பர். தாம்பெரேயில் மூன்றரைக்கே இருட்டிவிடுகிறது.
என் கைகள் மேசைமேல் கிடக்கின்றன
யாரோ பேருந்தில் மறந்துவிட்டுப் போன கையுறைகள் மாதிரி.
பதினெட்டு வருடம்
வரைபடக் கம்பெனிக்கு ஏரிக்கரை வரைந்த மணிக்கட்டுகள்.
எத்தனை ஆயிரம் தீவுகளோ.
இப்போது தேநீர்க் கோப்பையே பாரம்.

வெய்க்கோ வந்தான்.
திரைக்கடியில் கறுப்பாய் ஒரு பட்டை ஒட்டினான்.
மேசைக்கடியில் மூன்று மிதிகளை
டேப் போட்டுத் தரையோடு இறுக்கினான்.
"பார். பிறகு மிதி. அவ்வளவுதான்."

அவ்வளவுதானா?
கண் சும்மா கிடக்கிற பிராணியா?

முதல் நாள் மிதியைத் தொடாமல்
கண்ணை மட்டும் நம்பினேன்.
மணி பார்த்தேன், நாட்காட்டி விரிந்தது.
குப்பைத்தொட்டியை ஏன் பார்த்தேனோ,
தீவுகளோடு ஓர் ஏரி போயே போய்விட்டது.
கண் பட்டதெல்லாம் பட்டுப்போயிற்று.

ஆசைப்படக் கண், ஆமோதிக்கக் கால்
என்று பிரித்துக்கொடுத்த பிறகுதான் வீட்டில் அமைதி.
கம்பளிக் காலுறைக்குள் பெருவிரல்
கொஞ்சம் யோசித்துத்தான் அழுத்தும்.
இடது, வேண்டாம். வலது, சரி.
நடுமிதி இன்னும் பிடிபடவில்லை,
அது எதையாவது செய்துவைக்கும்.

நேற்று ஹில்காவுக்கு ஒரு கடிதம்.
அக்காவோடு ஆறு வருடமாய்ப் பேச்சில்லை.
படகுக் கொட்டகையை விற்ற தகராறு, வேறென்ன.
எழுத்தெழுத்தாய்ப் பார்த்து
எழுத்தெழுத்தாய் மிதித்து
நாற்பது நிமிடத்தில் ஐந்து வரி.
கோபத்துக்கு இத்தனை மெதுவாய் நடந்து பழக்கமில்லை;
மூன்றாம் வரியிலேயே மூச்சு வாங்கி
உட்கார்ந்துவிட்டது.

'நான் இன்னும்' என்று எழுதி நின்றேன்.
மன்னிக்கவில்லை என்பதா,
உன் எண்ணை அழிக்கவில்லை என்பதா.
அந்த யோசனையில் கண் போய்
'அனுப்பு' மேல் உட்கார்ந்தது.
சும்மாதான். காலைத் தூக்கித்தான் வைத்திருந்தேன்.

மேசைக்கடியில் படுத்திருந்த ருஸ்கா
ஒரு கொட்டாவி விட்டு
தாடையை வலது மிதியில் சாய்த்தது.

போய்விட்டது.

நாயைத் திட்ட வாயெடுத்தேன்.
பெயரைக் கூப்பிட்டதாய் நினைத்து வாலை ஆட்டுகிறது.
தெருவில் பனி தள்ளும் வண்டி
மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு கடந்தது,
சுவரெல்லாம் ஒருமுறை மஞ்சள்.

பதில் வந்தபோது பதினொன்று ஆகியிருந்தது.
ஒரே சொல்:
"இன்னும்?"

அந்தக் கேள்விக்குறியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
அதன் வளைவில் சுட்டி
குளிர்ந்த ஈ மாதிரி நடுங்குகிறது.
வலது காலை நாயின் தாடைக்கடியில்
மெல்ல நுழைக்கிறேன். வெதுவெதுப்பு.
மிதி, இன்னும் ஒரு விரற்கடை கீழே.