பி பக்கம், நாலாவது

வவுணதீவுத் தடையில்
பற்றரி நாலையும் எண்ணி எடுத்துக்கொண்டு
கசெற்றைத் திருப்பித் தந்தான் சிப்பாய்.
மட்டையில் முடி வளர்த்த நாலு வெள்ளைக்காரர்.
அவர்களிடம் வெடிக்கிற சாமான் எதுவும்
இருக்கவில்லை.

ஆயித்தியமலையில் சைக்கிளைக் கவிழ்த்து
பெடலைக் கையால் சுற்றினான் பேரின்பம்.
சில் கிறுகியது. டைனமோ உரசியது.
மற்றப் பாட்டெல்லாம்
பவுடர் பூசிக்கொண்டு வந்தன.

நாலாவது வேறு.
யாரோ கதிரையை இழுக்கிறான்.
யாரோ இருமுகிறான்.
ஒற்றைக் கிற்றார், சுருதி கொஞ்சம் இறங்கி.
காலால் பலகையைத் தட்டுவதும் கேட்கிறது.
பாடுகிறவனுக்கு நடுவில் சொல் மறந்து
ம்ம்ம் என்று இழுத்துக்கொண்டு போகிறான்.
அதைத் திருத்தவில்லை.
அப்படியே விட்டிருக்கிறார்கள்.

ஒரு வரி சொல்வான்.
மறுகா அதே வரி.
மூன்றாவதில்தான் நடந்ததைச் சொல்வான்.
எங்கள் இருவருக்கும் இங்கிலீசு தெரியாது.
"பொஞ்சாதி விட்டுட்டுப் போயிட்டாளாக்கும்" என்றான் பேரின்பம்.
"இல்லடா, மாடு துலைஞ்சு போச்சு" என்றேன்.
சிரித்ததில் கை தளர
பாடுகிறவன் ஒரு நொடியில் கிழவனானான்.

வலக்கை உளைந்தால் இடக்கைக்கு மாறுவான்.
மாறுகிற நேரம்
பாட்டு ஒரு துடிப்பை விழுங்கும்.
அதுவும் பாட்டில் உள்ளதென்றே
நான் பாடமாக்கினேன்.

இப்போது வெள்ளியும் சனியும்
பாசிக்குடா ஹொட்டேலில் கிற்றார்.
தட்டில் இறால், ஈரக் கால்சட்டையோடு விருந்தாளிகள்.
"நீ அதைப் பிழையாக வாசிக்கிறாய்" என்று
பேஸ் வாசிக்கும் டெரன்ஸ் ஒக்கர்ஸ்
அசலைப் போனில் போட்டுக் காட்டினான்.

வேகம். சுருதி ஒரு கட்டை மேலே.
பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவன்போல
வாலிபன் ஒருவன் பாடுகிறான்.
கதிரை இருக்கிறது.
இருமல், ம்ம்ம், பலகையில் கால்,
எல்லாம் இருக்கின்றன.

தொண்ணூற்றேழு, மாசி.
பேரின்பம் மாடு தேடிப் போனான்.
மறுகா,
பேரின்பம் மாடு தேடிப் போனான்.
மாடு வந்தது.

டெரன்ஸிடம் இதைச் சொல்லவில்லை.
அவன் நல்லவன். நேரத்துக்கு வருகிறவன்.
ஒன்று, இரண்டு என்று எண்ணித் தொடங்குகிறான்.
நான் பின்னாலேயே இழுபடுகிறேன்.
மூன்றாவது மேசையில் ஒருத்தி
சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்க்கிறாள்.

ம்ம்ம் வருகிற இடம் தாண்டி
ஒரு துடிப்பை விழுங்குகிறேன்,
அவன் கை மாற்றட்டும்.